கடிவாய்

எனக்கு அப்போது பதினாலு வயசு. பாதி தின்ற கொய்யாப்பழம் ஒன்றை என் கையில் கொடுத்து, "பாத்துச் சொல்லு, யாரு கடிச்சது?" என்று கேட்டார் அப்பா. "கிளி" என்றேன். தலையில் நறுக்கென்று ஒரு குட்டு விழுந்தது.

"கிளி கொத்துன பழம் கீழ கெடக்கும்டா. ஒரு வாய் கொத்தும், போட்டுட்டு அடுத்ததுக்குத் தாவும். இது மரத்துலயே நின்னுச்சு, நான்தான் பறிச்சேன். விளிம்பப் பாரு, சின்ன உளியால செதுக்குன மாதிரி கோடு கோடா இருக்கா? அணிலு."

1976-ல் அந்தக் குட்டோடு என் தொழில் தொடங்கியது. இன்றைக்கும் யார் வீட்டுக் கொல்லைக்குப் போனாலும் முதலில் மரத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை. குனிந்து தரையைத்தான் பார்க்கிறேன்.

நாங்கள் மரக்குத்தகைக்காரர்கள். சுற்றிலும் நெல் விளையும் பூமி. அதில் ஒரு குழி நிலம் எங்களுக்குக் கிடையாது. எங்கள் சாகுபடியெல்லாம் அடுத்தவர் வீட்டுக் கொல்லையில். பொங்கல் முடிந்த கையோடு அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். திருக்காட்டுப்பள்ளிக்கும் திருவையாற்றுக்கும் இடையில் காவிரியை ஒட்டிய ஊர்களில் வீடு வீடாகப் போவோம். மா, கொய்யா, சப்போட்டா, மாதுளை, நார்த்தை, சீத்தா, தென்னை. பூவையும் பிஞ்சையும் பார்த்து ஒரு தொகை பேசி முன்பணம் கொடுத்துவிட்டால், கடைசிப் பழம் இறங்கும்வரை மரம் எங்கள் பொறுப்பு. வீட்டுக்காரர்களுக்கு வாரம் ஒரு கூடை தனியாகக் கொடுத்துவிட வேண்டும். அதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை, கொடுக்காமல் இருந்தால்தான் பேச்சு வரும். மிச்சம் சாக்கில் ஏறித் தஞ்சாவூர் காமராஜர் மார்க்கெட்டுக்கோ திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கோ போகும்.

பூவைப் பார்த்து விலை சொல்வது பாதித் தொழில். மீதி, காவல். பத்துப் பதினைந்து கொல்லைகளில் சிதறிக் கிடக்கும் மரங்களுக்கு ஆள் போட்டால் கூலிக்கே கட்டாது. அதனால்தான் கடிவாயைப் படிக்க வேண்டியிருந்தது. தின்கிறவன் பகலில் வருகிறானா, ராத்திரி வருகிறானா என்பது தெரியாமல் காவலுக்கு உட்கார்ந்து பயனில்லை. வௌவால் தின்கிற மரத்தடியில் நாள் முழுக்கத் தகரம் தட்டிக்கொண்டிருந்த ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்பா சொன்னதும் நானாகக் கண்டதுமாக ஒரு கணக்கு மனசில் சேர்ந்திருக்கிறது. அணில் தின்ற பழம் காம்பிலேயே குடைந்தது போல நிற்கும். கிளி செங்காயைக்கூட விடாது. பிறை மாதிரி வெட்டுப்பட்ட காய்கள் காலையில் மரத்தடியில் இறைந்து கிடந்தால் விடியலில் ஒரு கூட்டம் வந்து போயிருக்கிறது. மைனாவுக்கும் கொண்டைக்குருவிக்கும் கெட்டியான பழத்தை உடைக்க அலகு போதாது. அணில் திறந்து வைத்ததில் வந்து உட்காரும், இல்லையென்றால் நன்றாகக் கனிந்ததில் குழி தோண்டும். குயில் சின்னப் பழங்களை அப்படியே விழுங்கிவிடும். தடயமே இருக்காது, பழம் குறைந்திருக்கும், அவ்வளவுதான். மரநாய் பழுத்ததை மட்டும் தேர்ந்து தின்னும். தின்ற விதைகளை முழுசாகக் கழித்து மதில்மேல் வைத்துவிட்டுப் போகும். அந்த எச்சத்தைப் பார்த்தால்தான் அது வந்ததே தெரியும்.

வௌவாலுக்குத் தடயத்தை அந்த மரத்தடியில் தேடக் கூடாது. சின்னப் பழந்தின்னி வௌவால் கொய்யாவைக் கவ்விக்கொண்டு வேறு மரத்துக்குப் பறந்துவிடும். பழமும் இல்லை, கீழே சிந்தலும் இல்லை, வெறும் காம்பு மட்டும் நிற்கிறது என்றால் பக்கத்துத் தெருவில் நெட்டிலிங்க மரமோ பனையோ எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். அடியில் மென்று சாறெடுத்துத் துப்பிய சக்கை வட்டு வட்டாகக் கிடக்கும். ஒருமுறை ஒரு வாத்தியார் வீட்டில், அடுத்த வீட்டுப் பையன்கள்தான் மதிலேறிக் கொய்யா பறிக்கிறார்கள் என்று பெரிய சண்டை. வாத்தியார் வீட்டு வாசலிலேயே வரிசையாக நாலு நெட்டிலிங்கம். அடியில் கூட்டிப் பெருக்கி ஒரு முறம் சக்கையை அள்ளிக் காட்டினேன். பையன்களுக்கு அப்போதுதான் விடுதலை. (பையன்கள் பறித்தால் கிளை முறிந்து இலை கிழிந்திருக்கும். அதுவும் ஒரு கடிவாய்தான்.)

பறவைமேல் விழும் பழியில் பாதி பூச்சியுடையது. மழைக்காலக் கொய்யாவில் ஊசி குத்தினது போல ஒரு புள்ளி, அதைச் சுற்றி மெத்தென்று ஒரு வட்டம், பிட்டால் உள்ளே வெள்ளைப் புழு. அது பழ ஈ. மெத்துப்போன இடத்தில் கொண்டைக்குருவி கொத்தும், நாம் குருவியை விரட்டுவோம். விழுந்த பழத்தை அன்றன்றைக்குப் பொறுக்கி ஆழமாகப் புதைத்தாலே அடுத்த மாசம் ஈ குறையும். மெத்தில் யூஜினால் பொறி என்று வேளாண் துறையில் சொல்வார்கள். பிளாஸ்டிக் பாட்டிலில் கட்டித் தொங்கவிட்டால் ஆண் ஈக்கள் விழுந்து சாகும். மாதுளையிலும் நார்த்தையிலும் ராத்திரி ஒரு அந்துப்பூச்சி வந்து துளை போட்டுச் சாறு குடிக்கிறது. டார்ச் அடித்துப் பார்க்கும்வரை நானும் அதைக் குருவி வேலை என்றே நினைத்திருந்தேன்.

அப்பாவிடம் இருந்த ஆயுதங்கள் சொற்பம். ஒரு உண்டிகோல், கொஞ்சம் களிமண் உருண்டை, மரத்துக்குள் தொங்கவிட்ட நாலு தகர டப்பா, அதிலிருந்து திண்ணைவரை இழுத்துக் கட்டிய ஒரு கயிறு. திண்ணையில் படுத்தபடியே கயிற்றைக் காலால் இழுப்பார். கிளி வருவது விடிந்து ரெண்டு மணி நேரமும், சாயங்காலம் பொழுது சாய்கிற நேரமும்தான். அந்த ரெண்டு வேளை விழித்திருப்பார், உச்சிப் பொழுதில் குறட்டை விடுவார். மாதுளைக்கு மட்டும் எங்கள் அப்பாயி பழைய வேட்டியைக் கிழித்துப் பிஞ்சிலேயே முடிச்சுக் கட்டிவிடும். துணி பற்றாத வருஷம் தென்னம் பன்னாடை. இன்றைக்குப் பெரிய கொய்யாத் தோட்டங்களில் காய்க்குக் காய் நுரை வலையும் பாலித்தீன் பையும் மாட்டுகிறார்கள். அப்பாயி பார்த்தால் சிரித்திருக்கும்.

வைக்கோல் பொம்மையில் அப்பாவுக்கு நம்பிக்கை கிடையாது. "அது நம்ம மனசுக்கு" என்பார்.

அவருடைய பெரிய ஆயுதம் வேறு: ஒரு நாள் முந்திப் பறிப்பது. சப்போட்டாவின் மேல்தோலை நகத்தால் லேசாகக் கீறுவார். பச்சையாகத் தெரிந்தால் விட்டுவிடுவார். மஞ்சள் ஓடியிருந்து, பாலும் அதிகம் வழியாமல், தோலில் உள்ள தவிடு கையோடு உதிர்ந்தால் பறித்துவிடலாம். வைக்கோலில் போட்டால் நாலைந்து நாளில் பழுக்கும். கொய்யா கரும்பச்சையிலிருந்து வெளுக்கத் தொடங்கும்போது. மா, தானாக ஒன்றிரண்டு பழம் உதிர்ந்ததும். எந்த மரத்தில் எப்போது ஏற வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லும் காலண்டர் அணில்தான். அது முதல் பழத்தைக் கடித்த மறுநாள் நாங்கள் தொரட்டியோடு நிற்போம். அந்த முதல் பழம் அணிலுக்கு நாங்கள் கொடுக்கும் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா 1985-ல் போனார். அவர் இருந்தவரை செய்யவிடாத ஒரு காரியத்தை 1987-ல் செய்தேன். அந்த வருஷம் ஒரு பெரிய கொல்லையில் பதினோரு சப்போட்டா மரத்தை ஒன்றாகக் குத்தகை எடுத்திருந்தேன், வட்டிக்கு வாங்கின பணம். மரநாய் ஒன்று ராத்திரிக்கு ராத்திரி வந்து பழுத்ததாகப் பார்த்துத் தின்று போனது. யாரோ சொன்ன யோசனைதான்: வாழைப்பழத்தைப் பிளந்து, வாழைக்குப் போடும் குருணை மருந்தை உள்ளே வைத்து மதில்மேல் வைத்தேன். ஊதா நிறக் குருணை, பழத்தோலை மூடினால் தெரியவே தெரியாது.

மரநாய் செத்தது. அதைத் தின்ற வீட்டுக்காரர் நாய், வாசற்படியிலேயே கால்களை இழுத்துக்கொண்டு செத்தது. மூன்றாம் நாள் கொல்லைக்கோடிப் புளியமரப் பொந்தில் இருந்த கூகைகளில் ஒன்று கிணற்றடியில் சிறகு விரித்துக் கிடந்தது. நான் வைத்த பழத்தை எந்த எலி தின்றதோ, அந்த எலியைக் கூகை தின்றிருக்கும். மற்றது பிறகு அந்த மரத்தில் இல்லை. வீட்டுக்கார அம்மா என்னைத் திட்டவில்லை. "ஏந் தம்பி, இந்தக் கொல்லையில எங்க பேரப்புள்ளைங்களும்தான் பழம் பொறுக்குது" என்று மட்டும் சொன்னது. அடுத்த வருஷம் அந்தக் கொல்லையை எனக்குக் கொடுக்கவில்லை. நியாயம்தான். நாயைப் புதைக்கக் குழி வெட்டினது நான். அதற்குப் பிறகு எந்தக் கொல்லையிலும் மருந்து வைத்ததில்லை. வைக்கிறேன் என்கிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லாமல் விட்டதுமில்லை.

எலிக்கு மருந்தில்லாத வழி எங்கள் ஜில்லாவிலேயே இருந்தது. தஞ்சாவூர் கிட்டி. மூங்கில் பத்தையை வில்லாக வளைத்து நாண் கட்டி, நடுவில் இரையைச் செருகின ஒரு சின்னக் குச்சியில் விசையை நிறுத்துவார்கள். எலி இரையை இழுத்ததும் வில் தெறித்துக் கழுத்தை நெரிக்கும். இரும்பு கிடையாது, விஷம் கிடையாது. வேளாண் பல்கலைக்கழகத்தின் பயிர்க் கையேடுகளில்கூட இந்தப் பெயரிலேயே இருக்கிறது. பூதலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருத்தர் சைக்கிள் கேரியரில் கட்டுக்கட்டாகக் கிட்டிகளோடு வருவார். பொழுது சாயும்போது வரப்போரம் வைத்து, விடிவதற்குள் எடுத்துவிடுவார். எலிக்கு இவ்வளவு என்று கணக்கு, வாலைக் காட்டிக் காசு. "கதிர் பால் பிடிச்ச பொறவு கிட்டி வச்சுப் பிரயோசனமில்ல தம்பி. வீட்டுல விருந்து நடக்கையில எவன் கடை வடையத் தேடி வருவான்?" என்பார். எங்கள் கொல்லைகளிலும் அவர் வைத்துக் கொடுத்தார். தென்னைக்கு வேறு வைத்தியம்: மரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் முழ அகலத்துக்குத் தகரத்தைச் சுற்றி அடித்துவிட்டால் எலி வழுக்கி விழும். ஆனால் பக்கத்து மரத்து மட்டை இந்த மரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் தகரம் தண்டம். எலி அந்த வழியாக நடந்தே வந்துவிடும். தகரம் அடித்துவிட்டு மட்டை கழிக்காதவர்கள்தான் எங்கள் பக்கம் அதிகம்.

தொண்ணூறுகளின் நடுவில் கேசட் நாடா வந்தது. திருவையாற்றுப் பாட்டுக்கடைக்காரர் வீணாய்ப்போன கேசட்டுகளைப் பை நிறையக் கொடுத்தார். மரத்துக்கு மரம் நாடாவை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் வெயிலில் பளபளக்கும், காற்றில் "ஊம்" என்று ஒரு ஓசை எழும்பும். கிளிகள் தூரத்திலேயே திரும்பின. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். ஒரு காலையில் நாடாமேலேயே ஒரு கிளி உட்கார்ந்து ஊஞ்சலாடிக்கொண்டு கொய்யாவைக் கொத்திக்கொண்டிருந்தது.

பிறகு சிடி தட்டு, பிறகு கண் வரைந்த பலூன், பிறகு பச்சை லேசர் விளக்கு என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். ஒன்றும் மோசமில்லை, ஒன்றுக்கும் ஆயுசும் இல்லை. கட்டினதை வருஷம் முழுக்கத் தொங்கவிடுவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. காய் பச்சையாக இருக்கும்போதே பறவை அதோடு பழகிவிடும். நிறம் மாறுகிற அந்த ரெண்டு வாரத்துக்கு மட்டும் கட்ட வேண்டும், நாலு நாளைக்கு ஒருமுறை இடம் மாற்ற வேண்டும், பழம் இறங்கினதும் அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிட வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து வருஷம் ஆனது.

வெடி போட்டும் பார்த்தேன். சிவகங்கைப் பக்கத்திலிருந்து எங்கள் ஊருக்கு மாப்பிள்ளையாக வந்தவர் ஒருத்தர், "எங்க பக்கம் வேட்டங்குடியில கண்மாய்ப் பறவைக்காகத் தீபாவளிக்கே வெடி போட மாட்டாங்க, நீங்க ஒரு மரத்துக் கொய்யாவுக்காக ஊரையே எழுப்புறீங்களே மாமா" என்றார். அங்கே கண்மாயை ஒட்டி இருக்கும் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் செய்வது அது. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் நான் வெடியை நிறுத்தினதற்குக் காரணம் அதுவல்ல. வெடிக்குப் பழகாத ஒரே பிராணி எங்கள் தெருவில் இருந்த கன்று போட்ட பசு. அன்றைக்குக் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

வௌவால் விஷயத்தில் என் எண்ணம் மெதுவாக மாறியது. என் சின்ன வயசில் கோயில் பக்கங்களிலும் ஆற்றங்கரைகளிலும் இலுப்பை மரங்கள் நின்றன. மயிலாடுதுறைப் பக்கம் இலுப்பைப்பட்டு என்று ஊருக்கே பெயர். மாசி பங்குனியில் பூ கொட்டும், ஆனி ஆடியில் பழம். ராத்திரியானால் வௌவால்கள் அங்கேதான். கோயில் விளக்குக்கு இலுப்பெண்ணெய் ஏற்றுவது குறைந்ததும் மரத்தின் மதிப்பு பலகை விலைக்கு இறங்கியது. என் கண் முன்னால் நாலைந்து தோப்புகள் போயின. அதன் பிறகுதான் கொல்லைச் சப்போட்டாவுக்கு இத்தனை வௌவால். ரெண்டையும் முடிச்சுப் போட என்னிடம் கணக்கு நோட்டு எதுவும் இல்லை. ஆனால் இலுப்பை மிஞ்சி நிற்கிற ரெண்டு ஊர்களில் இன்றைக்கும் பங்குனி மாசத்தில் எனக்குச் சேதம் குறைவு. குத்தகை பேசும்போது அந்த ஊர்களுக்குக் கொஞ்சம் கூட்டியே பேசுகிறேன்.

இந்த அனுபவத்தில்தான் இழுப்பு மரம் வைக்கும் யோசனை வந்தது. தேன்பழ மரம், எங்கள் பக்கம் சர்க்கரைப்பழம் என்றும் சொல்வார்கள். சின்னதாகச் செக்கச்செவேல் என்று பழம், வருஷம் முழுக்கக் காய்க்கும். கொல்லைக்கோடியில் ஒன்று வைத்தால் பறவையெல்லாம் அதற்குப் போய்விடும், நம் பழம் தப்பும் என்று கணக்குப் போட்டேன். பகலில் கணக்குச் சரியாக வந்தது. குருவிகளும் குயிலும் அணிலும் அங்கேயே கிடந்தன. ராத்திரி, அதுவரை வராத வௌவால்கள் அந்தப் பழத்துக்காக வந்து, வந்த வழியில் கொய்யாவையும் பார்த்துவிட்டுப் போயின. வைக்கிறவர்கள் ஐம்பது அறுபது அடி தள்ளி வையுங்கள். கொல்லை சின்னது என்றால் வேண்டாம்.

குரங்கு எங்கள் பக்கம் முன்பெல்லாம் கோயில் ஊர்களோடு சரி. பிறகு ஒரு கோடையில் யாரோ லாரியில் கூண்டோடு கொண்டுவந்து கொள்ளிடக் கரையில் இறக்கிவிட்டுப் போனார்கள். அதுமுதல் அவதி. தின்பது கொஞ்சம், முறிப்பது அதிகம். ரப்பர் பாம்பு, பஞ்சடைத்த புலி பொம்மை எல்லாம் வைத்தோம். பாம்புக்கு நாலு நாள் மரியாதை. ஐந்தாம் நாள் ஒரு குட்டி அதை வாலைப் பிடித்து ஓட்டுமேல் இழுத்துக்கொண்டு ஓடியது. குரங்குக்கு என்னிடம் வழியில்லை. குரங்கு வருகிற தெருவில் குத்தகை எடுப்பதை விட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

மயில் வந்தது அதற்கும் பிந்தி. கொல்லையில் போட்ட தக்காளி, மிளகாய், மணத்தக்காளி, நாற்றங்காலில் விதைத்த நெல், எதையும் விடுவதில்லை. நரி குறைந்ததால் மயில் பெருத்தது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. 1963-லிருந்து தேசியப் பறவை, 1972 வனவிலங்குச் சட்டப்படி தொட்டால் ஜெயில். பழைய சேலைகளைச் சுற்றிலும் கட்டுகிறோம். சட்டத்தில் கிளியும் அப்படித்தான், பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம் என்பது இன்னும் பல வீடுகளுக்குத் தெரியாது. வேலிக் கம்பியில் கரண்டு விடுகிறவர்களைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். பக்கத்து ஊரில் எலிக்காகக் கம்பி இழுத்தவரே விடிகாலையில் மடையைத் திறக்கப் போய் அதில் கால் வைத்துப் போனார். மறந்துபோனது அவ்வளவுதான்.

2018 எங்கள் தொழிலுக்கு ரெட்டை அடி. மே மாசம் கோழிக்கோட்டில் நிபா காய்ச்சல், வௌவால் கடித்த பழத்தால் பரவும் என்ற பயம். அதுவரை அணில் கடித்தது என்றால் இனிப்பு என்று கேட்டு வாங்கினவர்கள் உண்டு. மார்க்கெட்டில் கடிபட்ட பழத்துக்குத் தனிக் கூறு, குறைந்த விலை. ஒரே வாரத்தில் ஒரு கீறல் இருந்தாலும் கூடையைத் தள்ளிவிட்டார்கள். சில ஊர்களில் வௌவால் தங்கும் மரங்களையே வெட்டினார்கள், அது பிசகு. ஆனால் கடிபட்ட பழத்தை ஒதுக்கினது சரி. நானும் அன்றிலிருந்து கடிவாய் உள்ள எதையும் விற்பதில்லை, பேரப்பிள்ளைகளுக்குக் கொடுப்பதுமில்லை. எந்தப் பல் என்று எனக்குத் தெரியும். எந்த எச்சில் என்று தெரியாது.

நவம்பர் 16 விடியலில் கஜா புயல். எங்கள் பக்கம் அதன் ஓரம்தான் பட்டது. பேராவூரணியில் என் தங்கை வீட்டுத் தென்னை அத்தனையும் படுத்துவிட்டது. போய்ப் பார்த்தபோது கொல்லையில் நின்றது ஒரு கொய்யா மரம் மட்டும், இலையெல்லாம் உதிர்ந்து. நாலு மாசம் கழித்து அது துளிர்த்துக் காய்த்ததும் அந்தத் தெருவின் கிளி, அணில் எல்லாம் அதில்தான். வலை கொண்டுபோனேன். "வேணாண்ணே. நாம எத்தன பழம் தின்னுடப்போறோம்" என்றது தங்கை. வலையைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

வலை என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 1999-ல் நாகப்பட்டினத்திலிருந்து கிழிந்த மீன்வலைகளை எடைக்கு வாங்கி வந்தேன். தங்கூசி நரம்பு வலை, கண்ணுக்கே தெரியாது. மாதுளைச் செடிகள்மேல் தொளதொளவென்று போர்த்திவிட்டு மன்னார்குடிக்குக் கல்யாணத்துக்குப் போய் ரெண்டு நாள் தங்கிவிட்டேன். வந்து பார்த்தால் மேலே ஒரு பெண் குயில் தலைகீழாகத் தொங்கி எறும்பு மொய்த்துக் கிடந்தது. கீழே, தரையில் புரண்ட வலையில், ஏழடிச் சாரை. நுழையும்போது தலை போயிருக்கிறது, உடம்பு போகவில்லை, திரும்பவும் செதில் விடவில்லை. இழுக்க இழுக்க நரம்பு இறுகி மூன்று இடத்தில் தோலுக்குள் இறங்கியிருந்தது. உயிர் இருந்தது.

பக்கத்து வீட்டுத் தம்பி நனைத்த சாக்கை அதன் தலைமேல் போட்டு அழுத்திப் பிடித்துக்கொண்டான். நான் பாதி பிளேடை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நரம்பாக அறுத்தேன். செதிலுக்கு அடியில் பிளேடு முனையை நுழைத்து, மேல் பக்கமாகத் தூக்கி அறுக்க வேண்டும். அழுத்தினால் தோல் வெட்டுப்படும். அது மூச்சு இழுக்கும்போதெல்லாம் உடம்பு உப்பி நரம்பு இன்னும் உள்ளே போகும். மூச்சு அடங்கும் வரை காத்திருந்து ஒன்று, பிறகு ஒன்று. ஒன்றரை மணி நேரம் ஆனது. சாக்கை எடுத்ததும் திரும்பிக்கூடப் பார்க்காமல் வைக்கோல்போருக்குள் போய்விட்டது. எத்தனை வருஷமாக எங்கள் எலியைத் தின்றுகொண்டிருந்த பாம்போ.

இப்போது எனக்கு வயசு அறுபத்து மூன்றைத் தாண்டிவிட்டது, மரம் ஏறுவதில்லை. தஞ்சாவூரில் மெடிக்கல் காலேஜ் ரோடு, நாஞ்சிக்கோட்டை ரோடு பக்கம் புது வீட்டுக்காரர்கள் கூப்பிட்டால் வலை கட்டிக் கொடுக்கப் போகிறேன். எல்லார் வீட்டிலும் இப்போது மல்பெரி இருக்கிறது, தொட்டியில் செர்ரி இருக்கிறது. "அண்ணே, பழம் சிவக்கறதுக்குள்ள காலி" என்பார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பறித்து வைத்தால் பழுக்குமா, மரத்திலேயே பழுத்தாக வேண்டுமா? சப்போட்டா, மா, சீத்தா, கொய்யா எல்லாம் முந்திப் பறித்தால் போதும், வலைக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. மல்பெரியைச் சிவப்பில் பறித்தால் கடைசிவரை புளிப்புதான். மாதுளையும் அப்படி, பறித்த பின் இனிக்காது. அவற்றுக்குத்தான் வலை. ஆள் உயரச் செடிக்குப் பழைய கொசுவலையைப் போல எதுவும் கிடையாது. கண் சின்னது, எதுவும் சிக்காது. நாலு மூங்கில் நட்டு, பழத்தில் படாமல் இழுத்துக் கட்டி, அடியைச் செங்கல் வைத்து அமுக்கிவிடுங்கள். மாதுளை மாதிரி தேனீ வர வேண்டிய செடியைப் பூவில் மூடாதீர்கள், பிஞ்சு பிடித்த பிறகு மூடுங்கள். பழம் முடிந்த அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

கூலி வாங்கும்போது எல்லா வீட்டிலும் கேட்டுக்கொள்வதை உங்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். எந்த வலையாக இருந்தாலும் காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை போய்ப் பாருங்கள். வெளியூர் போகிறீர்கள் என்றால் வலையை அவிழ்த்துவிட்டுப் போங்கள்.